பழவேற்காட்டு மணலிற் பூசணிப் பயிர்

நம் கல்லூரி மாணவர் பழவேற்காட்டிற்குச் செல்வது பெரும்பாலும் இரண்டு காட்சிகளை நாடியே யாம். ஒன்று, மாரிக்காலத்தை அடுத்து ஏரியில் வந்திறங்கும் பூநாரைக் கூட்டம். மற்றொன்று, 1613-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்திரியாக் கோட்டை நின்ற இடமும், அவர்தம் கல்லறைகளும். இவ்விரண்டையுங் கண்டு, கையோடு சிறிது கருவாடும் வாங்கிக்கொண்டு, பொழுது சாயுமுன் பொன்னேரி வழியே திரும்பி விடுகின்றனர். மீனவர் குடியிருப்புகளுக்குப் பின்னே பரந்து கிடக்கும் வெண்மணலை நோக்குவார் இலர். நோக்கத்தக்கது ஆங்கு யாதுமில்லை என்பதே பலர் எண்ணம். அம்மணலில் ஒரு பயிரைச் செய்தல் இயலுமா, இயலுமாயின் அது மீன்பிடித்து வாழுங் குடும்பத்திற்கு எவ்வாறு துணையாகும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பயிர் பூசணி.

பூசணி என்னுஞ் சொல் இக்காலத்தில் இருவேறு கொடிகளுக்கு வழங்குவதால், முதற்கண் அம்மயக்கத்தைப் போக்குதல் வேண்டும். உள்ளே மஞ்சளாய் இனிப்புடன் இருக்கும் பரங்கிக்காயையும் சென்னைக் கடைகளில் மஞ்சட்பூசணி என்கின்றனர். அஃது அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, மேனாட்டார் கப்பலேறி வந்தபின் நம் நாட்டிற் பரவியது. நாம் கூறவந்தது அதுவன்று. வெளியே சாம்பல் பூத்து, உள்ளே வெண்மையாய், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் நீராகவே இருக்கின்ற காயாகும். இதனை வெண்பூசணி, நீற்றுப்பூசணி, கலியாணப் பூசணி எனப் பலவாறு அழைப்பர். நெல்லைச் சீமையிலும் குமரிப் பகுதியிலும் இதற்குத் தடியங்காய் என்று பெயர். வடமொழி மருத்துவ நூலார் கூசுமாண்டம் என்பர். தாவர நூலார் இட்ட பெயர் பெனின்காசா ஹிஸ்பிடா என்பது. அதன் பிற்பகுதிக்கு ‘மயிர் அடர்ந்தது’ என்பது பொருள். முற்றிய காயை மட்டும் கண்டவர் இப்பெயரைக் கேட்டு வியப்பர். பிஞ்சைத் தடவிப் பார்த்தவர் வியவார்.

மீனவர்க்குப் பூசணியைப் பரிந்துரைப்பானேன்? கத்தரி, வெண்டை, கீரை முதலியன விரைவிற் பலன் தருவன அல்லவோ எனின், விடை காயின் இயல்பில் இருக்கின்றது. மீனைப் போல் விரைவிற் கெடும் பண்டம் பிறிதில்லை. விடியலில் வலையினின்று எடுத்த இறால் பகல் ஏறுவதற்குள் விலையாக வேண்டும். இன்றேல் பனிக்கட்டி வேண்டும். பனிக்கட்டி வாங்குதற்கு வகையற்றவர், வந்த வியாபாரி சொன்ன விலைக்கே தலையசைக்க வேண்டியவராகின்றனர். வலைக்கும் படகிற்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைத் தரவேண்டும் என்னுங் கட்டும் பல கடற்கரையூர்களில் உண்டு. ஆகவே மீனவர் வறுமைக்குக் காரணம் மீன் குறைவு மட்டுமன்று. விலை பேசுங்கால் அவர் பக்கம் காலம் இல்லாமையுமாம். கத்தரியும் கீரையும் இக்குறையை நீக்கா. அவையும் மீனைப் போல் அன்றன்றே விற்கவேண்டியவை. பூசணியோ பறித்தபின் திங்கள் நான்கைந்து கெடாது நிற்கும். “இன்று இவ்விலைக்குத் தாரோம், அடுத்த திங்கள் வாரும்” என்று மீனவப் பெண்ணொருத்தி சொல்லக்கூடிய பண்டம் அவள் வீட்டில் இதுவொன்றே யாகலாம்.

ஏரியின் நடைமுறையும் இவ்விடத்துக் கருதத்தக்கது. இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுட் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமையுடையது பழவேற்காட்டேரி. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டிலும், தென்கோடி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இறால் மிகுதியாக அகப்படும் இடங்களை ஒருவரே கைக்கொள்ளாதவாறு, முறைவைத்து இன்ன நாள் இன்னார் வலைகட்டலாம் என ஊரார் வகுத்துக்கொள்வதே பாடு. அரசாங்கச் சட்டம் எதுவும் தோன்றுமுன்னரே தமக்குள் நியாயம் வகுத்த இம்மக்களின் அறிவை நாம் பாராட்டாது அப்பாற் செல்லுதல் தகாது. முறை வாராத நாட்களில் ஆடவர் வேறிடத்து மீன்பிடிப்பர், அல்லது வலை செப்பனிடுவர். கோடையிலோ ஆறுகளின் வரத்து நின்று, ஏரிநீர் ஆவியாகி, முகத்துவாரம் மணலால் தூர்ந்து, கடலுக்கும் ஏரிக்கும் போக்குவரவு தடைப்படும். குஞ்சு இறால் கடலினின்று உட்புகுதற்கு வழி அதுவே யாதலின், வழி அடைபட்டால் வலையும் வெறுமையாகும். சித்திரை, வைகாசித் திங்கள்களில் வீட்டில் வேறொரு வரவு இருத்தல் எத்துணைப் பயன் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க, காய் எவ்வாறு கெடாது நிற்கின்றது? இளங்காயின்மேல் இருந்த மயிர் முற்ற முற்ற உதிர்ந்துபோக, அதனிடத்தே வெண்ணிறமான மெழுகுப்பொடி படர்கின்றது. சாம்பல் என்று நாம் சொல்வது இம்மெழுகையே. இம்மெழுகு உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறாது காக்கும்; வெளியிலுள்ள ஈரமும் அழுகற் பூஞ்சையும் தோலிற் பற்றாதவாறு தடுக்கும். தோலும் கடினமானது. எனவே காயைப் பறிக்கும்போது மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளவேண்டும். சாம்பல் நன்றாகப் பூத்தபின்னரே பறித்தல். காம்பைச் சிறிது நீளமாக விட்டு அறுத்தல். காயைக் கழுவாமலும் துடைக்காமலும் வைத்தல். சாம்பல் அழகைக் கெடுக்கின்றதென்று துடைத்துப் பளபளப்பாக்கி அடுக்கிவைக்கும் கடைக்காரர், தம் சரக்கின் ஆயுளைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

இனி மணலைப் பற்றிக் கூறுவோம். இவ்வூர்களின் மணல்மேட்டில் ஐந்தாறடி தோண்டினாற் பல இடங்களிற் குடிக்கத்தக்க நீர் ஊறும். இருபுறமும் உப்புநீர் சூழ்ந்திருக்க நடுவே நன்னீர் இருப்பது புதுமையாகத் தோன்றலாம். ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை மணலூடே இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கு கனமானது. அதனால், கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு நன்னீரே இருக்கும். இக்கணக்கை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாடோன் கைபன் என்னும் ஒல்லாந்தப் படைப் பொறியாளரும், 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு கூறினர். பழவேற்காட்டிற் கோட்டைகட்டிய ஒல்லாந்தரின் வழித்தோன்றல் ஒருவர், அக்கோட்டையின் கிணற்று நீருக்கும் பொருந்தும் விதியைப் பிற்காலத்தே எடுத்துரைத்தது ஓர் இயைபு.

இவ்விதியை மறுபுறம் திருப்பிப் பார்த்தால் அச்சம் பிறக்கும். மேலே ஓரடி நீரை இறைத்துக் குறைத்தாற் கீழேயுள்ள உப்புநீர் நாற்பதடி மேலெழ முற்படும். ஆழ்துளைக் கிணறு தோண்டி மின்விசைப் பொறியால் இராப்பகலாக இறைப்பது மணலூர்களுக்குத் தற்கொலையை ஒக்கும். அயலூரான மீஞ்சூரே இதற்குச் சான்று. சென்னை நகருக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்குமாக அங்கு நிலத்தடி நீரை அளவின்றி எடுத்ததனால், 1960-களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உட்புகத் தொடங்கி, பல கிலோமீட்டர் தூரம் கிணறுகளை உவராக்கிற்று. அதே பகுதியைச் சார்ந்த காட்டுப்பள்ளியில், கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. நிலத்தடியில் இலவசமாகக் கிடந்த நன்னீரை இழந்தபின் கடல்நீரை விலைகொடுத்து நன்னீராக்கும் நிலை இது. ஆதலின் நாம் இங்குக் கூறும் பயிர், ஆழமற்ற துரவிலிருந்து கையால் முகந்து ஊற்றும் பயிரே. பொறி வைத்து இறைக்கும் பயிரன்று. இவ்வெல்லையை மீறுபவர்க்கு இக்கட்டுரை துணைநில்லாது.

மணலில் உரமும் நில்லாது, நீரும் நில்லாது. பின் எவ்வாறு பயிரிடுவது? நிலம் முழுவதையும் திருத்த முயலாமல், வேர் செல்லும் குழியை மட்டும் திருத்துவதே வழி. வங்காள தேசத்தின் வடமேற்குப் பகுதியில் ஆற்றரிப்பால் நிலமிழந்த குடும்பங்கள், மழைக்குப்பின் ஆற்றிடை எழும் மணற்றிட்டுகளிற் குழிதோண்டி, எருவிட்டுப் பரங்கி பயிரிடும் முறையை 2005 முதல் ‘பிராக்டிகல் ஆக்‌ஷன்’ என்னும் தொண்டு நிறுவனம் பரப்பியது. அம்மக்கள் காய்களை வீட்டிற் சேமித்துவைத்து, பஞ்ச காலத்தில் உண்டும் விற்றும் பயனடைந்தனர். அங்குப் பயிரானது பரங்கியாயினும், முறை பூசணிக்கும் ஒக்கும். நம் நாட்டிலும் கங்கை, யமுனை ஆற்றுமணலில் வெள்ளரி, பூசணி இனக் கொடிகளைக் குழியிட்டு வளர்ப்பது பழைய வழக்கமே.

குழிக்குக் குழி இருபுறமும் இடைவெளி ஒரு பக்கம் 2 மீட்டரும், மறுபக்கம் 1½ மீட்டரும் இருத்தல் வேண்டும் என்று கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வகுத்துள்ளனர். குழி ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் போதும் என்பது அவர் கணக்கு. தூய மணலில் அதனை ஒன்றரை அடியாக்குதல் நலம். குழிக்குப் பத்துக் கிலோ மக்கிய தொழுவெருவும், கிடைத்தாற் குளத்து வண்டல் ஒரு கூடையும், சிறிது வேப்பம்பிண்ணாக்கும் இட்டு மணலோடு கலக்கவேண்டும். வண்டல் என்றதும் ஏரிச்சேற்றை வாரிவருவாரும் உளர், அது கூடாது. பழவேற்காட்டேரியின் சேறு உப்புச்சேறு. மழைநீர் மட்டுமே நிற்கும் ஊர்க்குளத்து வண்டலே ஏற்றது.

மீன் கழிவு இவ்வூர்களிற் குறைவற்றது. தலை, குடல், செதில், இறால் ஓடு ஆகியவற்றை உப்பு நீங்க நன்னீரில் அலசி, சருகும் சாணமும் கலந்து, நாயும் பன்றியும் தோண்டாதவாறு மூடி மக்கவைத்தால் நல்ல எருவாகும். மீன் கழிவையும் வெல்லத்தையும் சமனெடை கலந்து, காற்றுப் புகாத கலத்தில் மூன்று வாரம் வைத்து வடித்தெடுக்கும் ‘மீன் அமிலம்’ இன்று இயற்கை உழவர் பலரால் ஆளப்படுகின்றது. அதைச் சில துளிகளே பெருநீரிற் கலந்து தெளிக்கவேண்டும். உப்பிட்ட கருவாட்டுக் கழிவை மட்டும் எவ்வகையாலும் குழியிற் சேர்த்தலாகாது.

விதைக்கும் பருவம் ஆடியென்றும் தையென்றும் இரண்டு கூறுவர். ஆடியில் விதைத்தால் ஐப்பசியிற் காய் முற்றும். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை இக்கரையிற் கொட்டுங் காலம். காய் ஈரத்திற் கிடந்து அழுகும். தாழ்ந்த மணலில் வெள்ளமும் நிற்கும். ஆகவே பழவேற்காட்டிற்குத் தைப்பட்டமே தக்கது. மழை ஓய்ந்து, துரவில் நீர் மேலெழுந்து, மண்ணில் உப்பு கழுவப்பட்டிருக்கும் காலம் அது. மார்கழி இறுதியிற் குழியெடுத்துத் தை முதல் வாரத்தில் விதைப்பவர், வைகாசித் தொடக்கத்திற் காய் பறிக்கலாம். காலம் தாழ்த்துவோர்க்குப் பங்குனி வெயிலிலே துரவு வற்றும். அக்காலத்திற்றான் கொடியும் மிக்க நீரை வேண்டி நிற்கும்.

வித்து எதுவென்பதும் முக்கியம். பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட கோ 1, கோ 2 என்னும் இரு வகைகளுட் கோ 2 சிறுகாய் வகை. காய் மூன்று கிலோவுக்கு உட்பட்டிருக்கும். 120 நாளில் முடியும். சிறு குடும்பங்கள் மிகுந்த இக்காலத்தில் முழுக்காயாக விலைபோவது இதுவே. குழிக்கு ஐந்து விதை ஊன்றி, முளைத்து இரண்டு வாரங்கழித்து வலிய நாற்று இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் களையவேண்டும். களைய மனம் வாராது. எனினும் ஐந்தையும் விட்டால் ஒன்றும் உருப்படாது.

நீர் ஊற்றுவதே இப்பயிரின் உண்மையான உழைப்பு. குழியொன்றுக்கு நாளொன்றிற்கு அரைக்குடம் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். பத்துச் சென்ட் நிலத்தில் 135 குழிகள் அமையும். அவற்றிற்கு நாள்தோறும் 67 குடம் வேண்டும். விடியலில் மீன்கூடையுடன் சந்தைக்குச் சென்று, நண்பகலில் மீண்டு, சமையலும் பிள்ளைகளும் காத்திருக்க, ஒருத்தி 67 குடம் சுமப்பாளென்று எண்ணுவது கட்டுரையாளருக்கு எளிது, சுமப்பவளுக்கு எளிதன்று. எனவே குடும்பமொன்றுக்கு இருபது குழியே அளவு; பத்துக் குடத்தில் முடியும். குழிவாயிற் சவுக்குச் சருகையோ வைக்கோலையோ கனமாகப் பரப்பினால் அதிலும் ஒரு பகுதி மிஞ்சும். சுடுமண் பானையொன்றை வாய்மட்டும் தெரியக் குழியருகே புதைத்து நீர்நிரப்பி மூடிவைத்தால், அது பக்கங்களின் வழியே சிறுகச்சிறுகக் கசிந்து வேருக்கு ஊட்டும். நாள்தோறும் ஊற்றவேண்டிய வேலையும் குறையும். பாத்திரங் கழுவிய நீர் ஆகும். மீன் கழுவிய உவர்நீர் ஆகாது. இலைகளின் ஓரம் கருகத் தொடங்கினால் நீரில் உப்பேறியதென்று அறிந்து, அத்துரவை விட்டு வேறிடத்து முகக்கவேண்டும்.

கடற்காற்று வீசும் திசையிற் பனையோலைத் தட்டி கட்டுதல் நன்று. ஆடுமாடுகளைத் தடுக்கப் பழைய வலையே வேலியாகும். கிழிந்து கழிக்கப்பட்ட நைலான் வலை கரையெங்குங் கிடந்து ஆமைக்கும் பறவைக்கும் கேடு செய்வதை விட, கழிகளிற் கட்டப்பட்டுத் தோட்டத்தைக் காப்பது மேல். முன்னாளில் மீனவர் குடிசைக் கூரைமேலே கொடியை ஏற்றிவிடுவர். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் கூரைக்குடிசைகள் பலவற்றினிடத்தே காரைவீடுகள் எழுந்தன. வெயிலிற் காயும் தளத்தின்மேற் கொடியை விடுவதானால் கீழே ஓலை பரப்புதல் வேண்டும்.

பூசணிக் கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே பூக்கும். முதலில் வருவன ஆண்பூக்களே. அவை உதிர்வதைக் கண்டு கொடி மலடென்று பிடுங்கி எறிவோர் பலர். பொறுத்திருந்தால், அடியிற் சிறு பிஞ்சைத் தாங்கிய பெண்பூ தோன்றும். தேனீ வந்து மகரந்தத்தைக் கொண்டு சேர்க்க வேண்டும். தேனீ அருகிய இடத்தில், காலையில் ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவே மெல்லத் தேய்த்தாற் காய் பிடிக்கும். பள்ளிச்சிறுவர் இவ்வேலையை விளையாட்டாகச் செய்வர். பெண்பூ மிகுதிப்பட எத்ரெல் என்னும் மருந்தை இளங்கொடியில் தெளிக்குமாறு நூல்கள் கூறும். இருபது குழிக்கு அது வேண்டுவதில்லை என்பது நம் கருத்து.

பூச்சிகளுட் செவ்வண்டு நாற்றிலையைச் சல்லடையாக்கும். காலைப் பனி காயுமுன் அடுப்புச் சாம்பலை இலைமேல் தூவுவது பழைய கைமுறை. இலைமேல் வெண்பொடி தானே படர்ந்தால் அது சாம்பல்நோய். காய்க்கு அழகு தரும் சாம்பல் இலைக்குக் கேடாகும் விந்தை இது. நோயுற்ற இலைகளைத் தொடக்கத்திலேயே கிள்ளி எரிக்கவேண்டும். கந்தகத்தூள், தாமிரத்தூள் முதலியன பூசணியினத்து இலைகளைக் கருக்குமாதலின் அவற்றைத் தூவுதல் ஆகாது.

பெரும்பகை பழ ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும்; புழுக்கள் உள்ளேயே தின்று வளர, பிஞ்சு அழுகி உதிரும். இவ்விடத்து மீனவர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. முட்டை முதிர்வதற்குப் பெண் ஈக்குப் புரதவுணவு தேவை. அதைத் தேடி மீன்நாற்றத்திற்கு அது ஓடிவரும். இதனையறிந்தே நனைத்த மீன்தூள் ஐந்து கிராமை ஒரு பையிலிட்டு, நஞ்சூட்டிய பஞ்சுடன் தொங்கவிடும் பொறியை, எக்டருக்கு 50 வீதம் வைக்குமாறு பல்கலைக்கழகத்தார் கூறினர். மீன்தூளை இருபது நாளுக்கொருமுறை மாற்றவேண்டும். அதில் வைக்கச் சொன்ன டைகுளோர்வாஸ் என்னும் நஞ்சு 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் தடைசெய்யப்பட்டு விட்டது. ஆகவே நஞ்சின்றி, ஈ உட்புகுமாறு சிறுதுளைகள் இட்ட புட்டியில் மீன்தூள் கரைத்த நீரை வைத்து, ஈக்களை அதில் மூழ்கச் செய்வதே இன்று தக்கது. ‘கியூலூர்’ என்னும் மணப்பொருள் வைத்த பொறிகளும் கடைகளில் உண்டு; அவை ஆண் ஈக்களையே ஈர்க்கும். உதிர்ந்த பிஞ்சுகளை அங்கேயே விடாது ஆழப் புதைத்தல் இவையெல்லாவற்றினும் சிறந்த காப்பு.

இனி வரவைக் கணக்கிடுவோம். கோ 2 நல்ல நிலத்தில் எக்டருக்கு 34 டன் அளவிற் காய்க்குமென்பர். மணலில் அதிற் பாதியே எனக் கொண்டால், இருபது குழிக்கு ஏறத்தாழ 100 கிலோ, அதாவது முப்பத்தைந்து காய்கள் வரும். இதனாற் செல்வம் குவியாது என்பது வெளிப்படை. ஆயினும் பத்துக் குடும்பங்கள் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து பயிரிட்டால் ஒரு டன் காய் ஓரிடத்திற் சேரும். ஒரு சிறு வண்டியை அமர்த்திப் பொன்னேரிக்கோ கோயம்பேட்டிற்கோ அனுப்புவதற்கு அது போதும். பெருந்தடை நிலமே. மீனவர் பலருக்குக் குடியிருக்கும் மனையன்றி வேறு நிலமில்லை. மனையைச் சுற்றி நாலைந்து குழிக்குமேல் இடமில்லாதவர், ஊர்ப்பொதுவில் இசைவு பெற்றோ, சவுக்குத் தோப்பு வெட்டியபின் சும்மா கிடக்கும் மணலைக் குத்தகைக்குக் கொண்டோதான் செய்ய வேண்டும். இக்குத்தகை எழுத்தின்றி வாய்ச்சொல்லாக நின்றாற் காய் முற்றும் வேளையில் நிலக்காரர் மனம் மாறவும் கூடும். தை பிறக்குமுன் கையெழுத்துப் பெறுதல் அறிவுடைமை.

விற்பதற்குரிய காலம் எது? வைகாசி, ஆனி கலியாண மாதங்கள். பந்திச் சமையலுக்குப் பூசணி செல்லும். காசி அல்வா என்னும் இனிப்பும் இக்காயிற் கிண்டுவதே. ஆடியில் வாங்குவார் குறைவர். ஆவணியில் மீண்டும் கலியாணம். புரட்டாசியிற் சென்னை மக்களுட் பலர் மீனும் இறைச்சியும் நீக்குவர். மீன்விலை விழும், காய்கறி விலை ஏறும். அதனை ஒட்டியே ஆயுத பூசை வரும். கடை, ஆலை, வண்டி ஒவ்வொன்றின் முன்னும் பூசணிக்காய் சுற்றி உடைக்கப்படும். அவ்வுடைப்பில் வழுக்கி விழும் வண்டியோட்டிகளுக்காகக் காவல்துறையார் ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுப்பர். அவ்வழக்கத்தின் நன்மை தீமையை ஆராய்வது இங்கு நம் வேலையன்று. மீன் விலைபோகாத திங்களிற் பூசணி விலைபோகின்றது என்பதே இங்கு வேண்டுவது. வைகாசியிற் பறித்த காய்களிற் பாதியைக் கோடையிலேயே விற்று, அடிபடாத காய்களை மட்டும் புரட்டாசி வரை வைத்திருப்பவர் அப்பயனைப் பெறுவர்.

வைக்கும் முறை எளிது. தரையில் அடுக்கினாற் கீழ்க்காய் நசுங்கி அழுகும். பழைய வலைத்துண்டை உறியாகக் கட்டி, காற்றோட்டமுள்ள கூரையடியில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடலாம். அல்லது வைக்கோல் பரப்பிய பரணில் ஒன்றையொன்று தொடாதவாறு வைக்கலாம். வாரம் ஒருமுறை பார்த்து, கசிவு கண்ட காயை உடனே எடுத்துக் கறிக்கோ வடகத்திற்கோ ஆக்கிவிட வேண்டும்.

கடைசியில் மறுதைக்கு வித்து. செழித்த கொடியின் நடுக்காய் ஒன்றை விற்காது நிறுத்தி, நன்கு முற்றி ஓரிரு திங்கள் கழித்து அறுத்து, விதையைச் சாம்பலிற் பிசைந்து கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு காயின் விதையே இருபது குழிக்கும் போதும். பக்கத்து வீட்டிற் பரங்கி படர்ந்திருந்தால் வித்து கலந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை; இரண்டும் வேறு இனம், ஒன்றன் மகரந்தம் மற்றொன்றிற் காய்க்காது. பக்கத்தில் வேறுவகைப் பூசணியே இருப்பின் கலப்பு நேரும்; அப்போது வித்துக்கென்று குறித்த பெண்பூவை முதல்நாள் மாலையிலேயே காகிதப் பையால் மூடி, காலையில் அதே வகைப் பூசணியின் ஆண்பூவாற் கைம்முறையிற் சேர்த்து, மறுபடி மூடிவிடுதல் வேண்டும்.